தனி வக்கீலாக அமெரிக்கத் திவால் பிராக்டிஸ்: பெட்டிஷன் போடும் முன் எவ்வளவு வேலை முடிந்திருக்க வேண்டும்?

#1 – பரமஸ் வக்கீல்

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் ஆபீசில் வேறு ஆளே இல்லாமல், தனிநபர் திவால் வழக்குகளை மட்டும் எடுத்து நடத்துவதாகத் திட்டம். சட்டம் படித்தாயிற்று, சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் சாப்டர் 7-க்கும், தவணைத் திட்டம் போட்டு அடைக்கும் 13-க்கும் வித்தியாசம் யாரும் விளக்க வேண்டாம். அன்றாட வேலைதான் தெரிய வேண்டும். முதல் சந்திப்பில் என்னென்ன வாங்கி வைப்பது? ஃபீஸை எப்போது, எப்படி வாங்குவது? 13 எடுக்கலாமா, 7-ஓடு நிறுத்திக்கொள்வதா? எடிசன் பக்கமிருந்து வரும் நம் ஆட்களுக்கு ஊரில் இருக்கும் சொத்தை எப்படிக் கையாள்வது?

#2 – குமாஸ்தா

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் சார். பெட்டிஷன் போடும் நாளன்று வழக்கில் முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும். பெரிய ஆபீசில் கெடு தவறினால் பிடித்து நிறுத்த நாலு பேர் இருப்பார்கள். உங்களுக்கு நீங்கள் ஒருவர்தான்.

வாங்க வேண்டிய காகிதங்கள்: ஆறு முழு மாதத்துச் சம்பளச் சீட்டு. சட்டம் கேட்பது பெட்டிஷனுக்கு முந்தைய 60 நாள் சீட்டுதான், ஆனால் மீன்ஸ் டெஸ்டுக்கு (7 போடத் தகுதி உண்டா என்று பார்க்கும் வருமானக் கணக்கு) ஆறு மாதமும் வேண்டும். வருமான வரி ரிட்டர்ன் 7-க்கு இரண்டு வருஷம் போதும். 13 என்றால் நான்கு வருஷமும் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆகாவிட்டால் டிரஸ்டி (வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படுபவர்) கடனாளியை விசாரிக்கும் 341 மீட்டிங்கிலேயே வழக்கு நொண்டும். வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட் ஆறு மாதத்துக்கு. வங்கி என்றால் வங்கி மட்டுமில்லை, வென்மோ, கேஷ் ஆப், பேபால், ராபின்ஹுட், கிரிப்டோ எல்லாம் சேர்த்து. அப்புறம் கார் டைட்டில், வீட்டுப் பத்திரம், மார்ட்கேஜ் ஸ்டேட்மென்ட், 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு, இன்சூரன்ஸ் பாலிசி, கோர்ட்டிலிருந்து வந்த சம்மன், விவாகரத்து ஆகியிருந்தால் அந்தத் தீர்ப்பு.

கிரெடிட் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கடன் பட்டியல் போடாதீர்கள். ஆஸ்பத்திரி பாக்கி, பே-டே லோன், பழைய வீட்டுக்காரருக்கு வாடகை பாக்கி, சிநேகிதரிடம் வாங்கிய கைமாற்று இவை அதில் வராமல் போகும். கடன் கைமாறியிருந்தால் முதலில் கொடுத்த வங்கி, இப்போது வாங்கி வைத்திருக்கும் கம்பெனி, கேஸ் போட்ட வக்கீல் ஆபீஸ் மூன்றையும் மேட்ரிக்ஸில் (கோர்ட்டுக்குக் கொடுக்கும் முகவரிப் பட்டியல்) ஏற்றுங்கள். ஒரு முகவரி கூடுவதால் நஷ்டமில்லை. ஒன்று விட்டுப்போனால் அந்தக் கடன் தீர்ந்ததா இல்லையா என்று பின்னால் வாதாட வேண்டிவரும்.

கேட்கும் விதமும் முக்கியம். "சொத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, சொத்து என்றால் அவர் மனதில் வீடு வாசல்தான். "உங்கள் பெயர் எழுதியிருக்கும் காகிதம் எங்கெங்கே இருக்கிறது? யாராவது உங்களுக்குப் பணம் தரவேண்டுமா? ஆஃபீஸில் விபத்து, காரில் இடி, கேஸ் போடலாம் என்று யாராவது சொன்னார்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விபத்து நஷ்டஈடு கேஸ் போடாமலே இருந்தாலும் அது சொத்துதான்.

பெயர் விஷயம் நம் ஆட்களுக்குத் தனி. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள், அது டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் போகும். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் ஒரு வரிசை, லைசென்ஸில் வேறு வரிசை, சம்பளச் சீட்டில் அப்பா பெயர் கடைசியில். பெட்டிஷனில் எட்டு வருஷத்தில் புழங்கிய எல்லாப் பெயரையும் எழுதும் இடம் இருக்கிறது, அத்தனை வடிவத்தையும் அங்கே எழுதிவிடுங்கள். 341-இல் அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி ஆதாரமும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டிங்கை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

கடைசியாக, முன்பு வழக்குப் போட்டதுண்டா என்று கட்சிக்காரரிடம் கேளுங்கள், கேட்ட பிறகு மத்திய கோர்ட்டுகளின் ஆவணத் தளமான பேஸரிலும் தேடுங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. கடந்த ஒரு வருஷத்தில் ஒரு வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால் புது வழக்கில் ஸ்டே (கடன் வசூலை நிறுத்தி வைக்கும் தடை) 30 நாளில் தீர்ந்துவிடும், நீட்டிக்கக் கேட்கும் மனுவின் விசாரணையே அந்த 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு தள்ளுபடி என்றால் ஸ்டே பிறக்கவே பிறக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

#3 – ஹூஸ்டன் 13

குமாஸ்தா அண்ணன் சொன்னதோடு தேதிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன்ஸ் டெஸ்டில் வருமானம் என்பது வழக்குப் போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதச் சராசரி. செப்டம்பர் 10-ஆம் தேதி போட்டால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. மார்ச்சில் 12,000 டாலர் போனஸ் வந்திருந்தால் சராசரியில் மாதம் 2,000 கூடும், அதை வருஷக் கணக்காக்கும்போது 24,000 ஆகிவிடும். ஒரு முறை வந்த 12,000, படிவத்தில் இரட்டிப்பாக நிற்கிறது. அக்டோபர் 1-ஆம் தேதி வரை பொறுத்தால் மார்ச் கழன்றுவிடும், அதே குடும்பம் மாநில மீடியனுக்கு (நடுமட்டக் குடும்ப வருமானம்) கீழே வந்துவிடலாம்.

மீடியனுக்கு மேலே போனாலும் வழக்கு செத்துவிடவில்லை, ஃபார்ம் 122ஏ-2 போட்டு ஐஆர்எஸ் அளவுப்படி செலவைக் கழிக்க வேண்டும். கழித்து மிஞ்சுவது 60 மாதத்தில் 10,275 டாலருக்குக் குறைவென்றால் துஷ்பிரயோகம் என்ற அனுமானம் எழாது, 17,150-ஐத் தொட்டால் எழும், நடுவில் இருந்தால் கடனில் 25 சதவீதம் அடைக்குமா என்று பார்க்க வேண்டும். இவை 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள தொகை, மூன்று வருஷத்துக்கொரு முறை மாறும். பழைய தொகை போட்ட டெம்ப்ளேட்டை அழித்துவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி வருமானம் இந்தக் கணக்கில் சேராது.

#4 – பரமஸ் வக்கீல்

மிகவும் பயனுள்ள பதில்கள், நன்றி. ஃபீஸ் பற்றி யாராவது சொல்லுங்கள்.

#5 – நெவார்க் பெரியவர்

சாப்டர் 7-இல் ஃபீஸ் முழுவதும் முன்பணம்தான் தம்பி. 2004-இல் லேமி வழக்கில் உச்ச நீதிமன்றம், கடனாளியின் வக்கீலுக்கு எஸ்டேட்டிலிருந்து (வழக்கில் சேரும் கடனாளியின் சொத்து) ஃபீஸ் கிடையாது என்று சொல்லிவிட்டது. பெட்டிஷனுக்கு முன்னால் செய்த வேலைக்கான பாக்கி மற்றக் கடன்களோடு சேர்ந்து அடிபட்டுப்போகும், அதை வசூலிக்கப் போனால் நீங்களே ஸ்டேயை மீறியவர் ஆவீர்கள்.

ஆகவே தவணையாக வாங்குங்கள், ஆனால் தவணை முடிந்த பிறகு பெட்டிஷன். கோர்ட் கட்டணம் 338 டாலரைத் தனியாக வாங்கி டிரஸ்ட் கணக்கில் வையுங்கள், ஃபீஸையும் வேலை முடியும் வரை அங்கேயே வைப்பது பாதுகாப்பு. மாதா மாதம் வங்கி ஸ்டேட்மென்ட், கணக்குப் புத்தகம், கட்சிக்காரர்வாரி லெட்ஜர் மூன்றும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் இந்தப் பதிவுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும், தணிக்கைக்குத் திடீரென்று அழைப்பார்கள். கட்சிக்காரர் 338-ஐ நான்கு தவணையில் கட்ட அனுமதி கேட்டால், அந்தத் தவணைகள் தீரும் வரை நீங்கள் அவரிடம் ஒரு பைசா ஃபீஸ் வாங்கக்கூடாது. இது பலர் சறுக்கும் இடம்.

கிரெடிட் கார்டில் ஃபீஸ் வாங்காதீர்கள். அடிபடப்போகும் கடனை வளர்த்து வக்கீலுக்குக் கொடு என்று சொல்வதைப் பிரிவு 526 தடுக்கிறது. டெபிட் கார்டு சரி. மைத்துனர் கட்டினாலும் சரி, ஆனால் யார் கட்டினார் என்பதை வக்கீல் ஃபீஸைச் சொல்லும் ஃபார்ம் 2030-இல் எழுத வேண்டும். எழுத்து ஒப்பந்தம் முதல் வேலை செய்த ஐந்து வேலை நாளுக்குள், பெட்டிஷனுக்கும் முன்னால் கையெழுத்தாகிவிட வேண்டும். 2010-இல் மிலாவெட்ஸ் தீர்ப்பு வந்த பிறகு வக்கீலும் "கடன் நிவாரண ஏஜென்சி"தான், ஆகவே விளம்பரத்திலும் இணையதளத்திலும் அந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும்.

#6 – சிகாகோ இளையவர்

பெரியவர் சொல்வது சரி, ஆனால் முழு ஃபீஸும் சேரும் வரை காத்திரு என்றால் கடனுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் நடந்துகொண்டிருப்பவர் என்ன செய்வார்? ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து, பெட்டிஷனுக்கு ஒன்று, அதற்குப் பின் செய்யும் வேலைக்கு ஒன்று என்று போடும் வழி இருக்கிறதே. இரண்டாவது ஒப்பந்தம் பெட்டிஷனுக்குப் பின் வருவதால் அந்த ஃபீஸ் அடிபடாது.

#7 – நெவார்க் பெரியவர்

வழி இருக்கிறது, முள்ளும் இருக்கிறது. திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான யூஎஸ் டிரஸ்டி திட்டம் 2022 ஜூனில் இதற்கென்று வழிகாட்டுதலே வெளியிட்டது: முதல் ஒப்பந்தத்தில் செய்ய வேண்டிய வேலையை இரண்டாவதில் தள்ளி ஃபீஸை ஏற்றக்கூடாது, கட்சிக்காரருக்குத் தெளிவாக விளக்க வேண்டும், எல்லாவற்றையும் வெளிப்படுத்த வேண்டும். மீன்ஸ் டெஸ்ட், ஷெட்யூல் (சொத்து, கடன், வரவு செலவுப் பட்டியல்) எல்லாம் பெட்டிஷனுக்கு முன்பே செய்யவேண்டிய வேலை என்று பார்க்கும் நீதிபதியிடம் இரண்டாவது ஒப்பந்தத்தில் என்ன மிஞ்சும்? பல மாவட்டங்களில் ஒரு முறை ஆஜரானால் வழக்கு முடியும் வரை நீங்கள்தான் வக்கீல் என்று லோக்கல் ரூல் இருக்கிறது, கட்சிக்காரர் இரண்டாவதில் கையெழுத்துப் போடாவிட்டால் இலவசமாக நடத்துவீர்கள். உங்கள் மாவட்டத்தில் தீர்ப்புகளைப் படித்துவிட்டு இறங்குங்கள். சம்பளப் பிடித்தம்தான் அவசரம் என்றால், முந்தைய 90 நாளில் பிடித்தது மொத்தம் 600 டாலரைத் தாண்டி, அது விலக்குக்குள் (கடனாளி தனக்கென்று வைத்துக்கொள்ளச் சட்டம் விடும் அளவு) அடங்கினால் திரும்பக் கேட்க வழி உண்டு. அதையும் காத்திருக்கும் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

#8 – ஹூஸ்டன் 13

13 எடுக்கலாமா என்ற கேள்விக்கு: எடுங்கள், ஆனால் வருமானத்தை அதில் நம்பாதீர்கள். ஃபீஸ் திட்டத்தின் வழியே டிரஸ்டி கையிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும். பெரும்பாலான மாவட்டங்களில் விவரக் கணக்கு காட்டாமலே ஒப்புக்கொள்ளும் ஒரு தொகை இருக்கும், அந்தத் தொகைக்கு மூன்று முதல் ஐந்து வருஷ வேலை. வழக்கு நடுவில் 7-ஆக மாறினால், டிரஸ்டியிடம் பட்டுவாடா ஆகாமல் இருக்கும் சம்பளப் பணம் கட்சிக்காரருக்கே போகும் என்று 2015-இல் ஹாரிஸ் எதிர் வீகெலான் தீர்ப்பு சொல்கிறது. சான் அன்டோனியோவிலிருந்து போன வழக்கு அது. உங்கள் மீதி ஃபீஸ் அந்த நாளோடு போச்சு.

13-இல் எது தவறும் என்றால், முதலில் முதல் தவணை. திட்டத்துக்கு அனுமதி கிடைக்க மாதங்கள் ஆகலாம், ஆனால் பணம் கட்டுவது பெட்டிஷன் போட்ட 30 நாளுக்குள் தொடங்க வேண்டும். "கோர்ட்டு இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்று கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார். பெட்டிஷன் போட்ட அன்றே தேதியும் தொகையும் அனுப்பும் முகவரியும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அடுத்தது கிளெய்ம், அதாவது எனக்கு இவ்வளவு பாக்கி என்று கோர்ட்டில் போடும் கோரிக்கை. கடன் கொடுத்தவர்கள் கிளெய்ம் போட 70 நாள். அது முடிந்த வாரமே கிளெய்ம் ரெஜிஸ்டரை உட்கார்ந்து படியுங்கள். காலாவதியான கடனுக்குக் கிளெய்ம் போடுவது மட்டும் கடன் வசூல் சட்டத்தை மீறியதாகாது என்று 2017-இல் மிட்லண்ட் ஃபண்டிங் தீர்ப்பு சொன்னதால், அதைப் பார்த்து ஆட்சேபிக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டால் செத்த கடனுக்கும் பட்டுவாடா நடக்கும். மார்ட்கேஜ் கிளெய்மில் பாக்கித் தொகை நீங்கள் திட்டத்தில் போட்டதைவிடக் கூடியிருந்தால் 58-ஆவது மாதத்தில் தெரியவந்து பயனில்லை.

கார் கடன் 910 நாளுக்குள் வாங்கிய சொந்த உபயோகக் காருக்கு என்றால் காரின் மதிப்புக்குக் குறைக்க முடியாது, வட்டியைக் குறைக்கலாம். 2004-இன் டில் தீர்ப்புப்படி பிரைம் வட்டியோடு ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் கூட்டுவது வழக்கம். 2025 ஏப்ரலிலிருந்து 13-க்கான கடன் உச்சவரம்பு ஈடில்லாததற்கு 5,26,700 டாலர், ஈடுள்ளதற்கு 15,80,125.

இன்னொன்று. டெக்சஸில் சாதாரணக் கார்டு கடனுக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஓய்வூதியம் மட்டும் வாங்கும், வீடும் விலக்குக்குள் அடங்கும் ஒரு பெரியவருக்குத் திவாலே தேவையில்லாமல் இருக்கலாம். அதைச் சொல்லி அனுப்பிவிடுவதும் நம் வேலைதான்.

#9 – டிரஸ்டி மேசை

மேசைக்கு அந்தப் பக்கம் எப்படிப் படிப்பார்கள் என்று சொல்கிறேன், நீங்கள் அதே கண்ணால் ஒரு முறை படித்துவிட்டுப் போடலாம்.

டிரஸ்டிக்குக் கமிஷன் பட்டுவாடா செய்யும் தொகையில் முதல் 5,000 டாலருக்கு 25 சதவீதம் வரை, அடுத்து 50,000 வரைக்கும் 10 சதவீதம். ஆகவே சின்னச் சொத்தையும் விடமாட்டார்கள். வங்கி ஸ்டேட்மென்டில் சம்பளம் அல்லாத வரவு, சொந்தக்காரர் பெயருக்கு ஸெல் ஆப் வழியாகப் போன பணம், வரவேண்டிய வரி ரீஃபண்ட், வீட்டு மதிப்பு. முதல் பார்வையில் இந்த நாலும்தான்.

வீட்டு மதிப்பில்தான் வக்கீல்கள் பெரிதாகச் சறுக்குகிறார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு, இருவரும் சேர்ந்து 7 போடுகிறார்கள், மத்திய விலக்கு ஆளுக்கு 31,575, ஆக 63,150 டாலர். மார்ட்கேஜ் 3,95,000. வீடு 4,80,000 பெறும் என்றால், விற்கும் செலவு 6 சதவீதம் 28,800 போக 56,200 மிஞ்சும். விலக்குக்குள் அடங்கிவிட்டது, டிரஸ்டிக்கு ஒன்றுமில்லை. அதே வீடு 5,20,000 பெறும் என்றால் 31,200 செலவு போக 93,800. விலக்குக் கழித்து 30,650 டாலர் மிஞ்சுகிறது, வீட்டை விற்பார்கள். 40,000 டாலர் மதிப்பீட்டுப் பிழையில் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். ஸில்லோ இணையதளம் காட்டும் தொகையை மட்டும் நம்பாமல், அதே தெருவில் கடந்த ஆறு மாதத்தில் விற்ற மூன்று வீட்டு விலையை எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் அப்ரைஸர். சாப்டர் 7-ஐப் போட்ட பிறகு "வேண்டாம், வாபஸ்" என்று எடுத்துக்கொள்ளும் உரிமை கட்சிக்காரருக்குக் கிடையாது, கோர்ட் காரணம் கேட்கும். 13-இல்தான் அந்த உரிமை இருக்கிறது.

அப்புறம் இடம் மாறி வந்தவர்கள். கடந்த 730 நாளும் ஒரே மாநிலத்தில் குடியிருக்காவிட்டால், அதற்கு முந்தைய 180 நாளில் அதிகம் இருந்த மாநிலத்தின் விலக்குதான் பொருந்தும். போன வருஷம் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவருக்கு நியூ ஜெர்சி பட்டியலைப் போட்டால் ஆட்சேபணை நிச்சயம்.

#10 – பரமஸ் வக்கீல்

அந்த வீட்டுக் கணக்கை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். இனி ஊர்ச் சொத்து பற்றி. "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

#11 – எடிசன் கணக்கர்

எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் சொத்து எஸ்டேட்டைச் சேரும் என்று பிரிவு 541 சொல்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஷெட்யூலில் பொய்ச் சத்தியத்துடன் கையெழுத்துப் போட்டால் டிஸ்சார்ஜ் (கடன் தீர்ந்தது என்ற உத்தரவு) போகும், அது மத்தியக் குற்றமும்கூட. எச்-1பி-யிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்குக் கடன் தீர்க்கக் கேட்டது ஆபத்தில்லை, பொய்ச் சத்தியம்தான் ஆபத்து. குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். திவால் வழக்குப் போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை.

பூர்வீகச் சொத்து. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் மகனுக்கு இன்று அதில் பங்கில்லை. தாத்தா வழியில் வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் பிறப்பிலேயே பங்கு உண்டு. பெண்களிடமும் இதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்குப் பின் மணமான மகளுக்கு மாநிலத் திருத்தம் பங்கு கொடுத்தது, 2005-இல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, 2020-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "அதெல்லாம் அண்ணனுங்களுக்குத்தான்" என்று சொல்லும் பெண்ணின் பெயரில் சட்டப்படி பங்கு இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றும், பட்டா நகலும் எடுக்கச் சொல்லுங்கள். வழிகாட்டி மதிப்பைச் சந்தை மதிப்பு என்று எழுதாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல. பெட்டிஷன் தேதியின் மாற்று விகிதத்தில் டாலராக்கி, எந்த விகிதம் என்பதையும் எழுதுங்கள். பிரிபடாத பங்கை டிரஸ்டி விற்பது கடினம் என்பது வேறு பேச்சு, எழுதாமல் விடுவது வேறு. பெட்டிஷனுக்குப் பின் 180 நாளுக்குள் யாராவது இறந்து பங்கு வந்தால் அதுவும் எஸ்டேட்டுக்குப் போகும் என்பதைக் கட்சிக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள்.

என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கு, எல்ஐசி பாலிசி, பிபிஎஃப் எல்லாம் வரும். 401(கே)-க்கு இருக்கும் பாதுகாப்பு பிபிஎஃப்-க்குத் தானாக வராது. வெளிநாட்டுக் கணக்குகள் சேர்ந்து வருஷத்தில் எந்த நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்பது ஷெட்யூலிலேயே தெரிந்துவிடும், ஆகவே பெட்டிஷனுக்கு முன் வரிக் கணக்கரிடம் அனுப்பிச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சீட்டு. "எடுத்த சீட்டா, எடுக்காத சீட்டா?" என்று கேளுங்கள். எடுக்காதது என்றால் இதுவரை கட்டியது சொத்து. எடுத்தது என்றால் மீதித் தவணை கடன், ஜாமீன் போட்டவர் பெயரோடு ஷெட்யூலில் வரவேண்டும்.

ஊருக்கு அனுப்பிய பணம்தான் எல்லாவற்றிலும் வில்லங்கமானது. கோயம்புத்தூர் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றுக்கு ஏழு மாதம் முன்பு 9,000 டாலர் திருப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியாளுக்குக் கொடுத்திருந்தால் 90 நாள்தான், சொந்தக்காரருக்கு ஒரு வருஷம். மைத்துனரும் சட்டப்படி சொந்தக்காரர்தான். டிரஸ்டி அந்தப் பணத்தை மைத்துனரிடம் கேட்கலாம். 90 நாளுக்கு முந்தையது என்பதால், அன்றைக்கே கடனாளி திவால் நிலையில் இருந்தார் என்று டிரஸ்டி நிரூபிக்க வேண்டும், அது மட்டும் ஒரு ஆறுதல். பொறுக்க முடிந்தால் ஒரு வருஷம் தாண்டவிட்டு வழக்குப் போடுங்கள். பொறுக்க முடியாவிட்டால் 13-இல் அந்தத் தொகையைத் திட்டத்துக்குள் கொடுத்துத் தீர்க்கலாம். அப்பா அம்மாவுக்கு மாதம் 500 அனுப்பினால் கடன் திருப்பியதல்ல, ஆனாலும் முந்தைய வரவு செலவு, கொடுக்கல் வாங்கலைக் கேட்கும் ஃபார்ம் 107-இல் ஆளுக்கு 600 டாலரைத் தாண்டிய அன்பளிப்பு என்று இரண்டு வருஷத்துக்கு வரும், மாதச் செலவுப் பட்டியலான ஷெட்யூல் ஜே-யிலும் வரும். வயதான பெற்றோர் தாமே செலவைத் தாங்க முடியாதவர் என்றால் மீன்ஸ் டெஸ்டிலும் கழிவு கேட்கலாம், ஆதாரமாக ஆறு மாத அனுப்பீட்டு ரசீதும் மருத்துவச் செலவும் வையுங்கள்.

ஊர் வங்கியில் வாங்கிய கல்விக் கடனுக்கு அப்பா ஜாமீன், வீடு அடமானம் என்றால் இங்கே கிடைக்கும் டிஸ்சார்ஜ் அப்பாவைக் காப்பாற்றாது. இதை முதல் நாளே சொல்லுங்கள்.

#12 – குமாஸ்தா

கணக்கர் ஐயா சொன்னதோடு நகை. தாலிக்கொடி, வளையல் எத்தனை பவுன் என்று கிராம் கணக்கில் எழுதி, பழைய நகையாக விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையைப் போடுங்கள். நகைக்கான மத்திய விலக்கு 2,125 டாலர்தான், இன்றைய தங்க விலைக்கு அது எங்கேயும் எட்டாது. மீதிக்குப் பொதுவிலக்கு: 1,675, வீட்டு விலக்கில் பயன்படாதது 15,800 வரை, ஆக 17,475. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது முழுதும் கிடைக்கும், இருவர் சேர்ந்து போட்டால் இரட்டிப்பு. லாக்கரில் மாமியார் நகையும் இருந்தால் "பிறருக்காக வைத்திருப்பது" என்று ஃபார்ம் 107-இல் தனி இடம் உண்டு.

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் என்ற பேர் வந்துவிடும் என்ற பயத்தில் மாமனாரிடம் வாங்கிய கடனை மறைப்பார்கள். எல்லாக் கடனும் பட்டியலில் வந்தே ஆகவேண்டும், கோர்ட் கடிதம் மாமனாருக்குப் போகும். டிஸ்சார்ஜுக்குப் பின் மனமொப்பித் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று சொல்லுங்கள், பாதிப் பயம் தெளியும்.

341 இப்போது ஜூமில்தான். ஆங்கிலம் தடுமாறுபவருக்கு மொழிபெயர்ப்பாளர் யூஎஸ் டிரஸ்டி செலவில் தொலைபேசியில் கிடைப்பார், தமிழ் வேண்டும் என்று டிரஸ்டி ஆபீசுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். ஓடும் காரிலிருந்து பேசக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

#13 – பரமஸ் வக்கீல்

கடைசிக் கேள்வி. காலெண்டரில் எந்தெந்தத் தேதியை ஏற்றுவது? நாளைக்கு வீடு ஏலம் என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது?

#14 – நெவார்க் பெரியவர்

சாப்டர் 7 என்றால் பெட்டிஷன் எண் வந்த அன்றே இவற்றை ஏற்றுங்கள். 14-ஆம் நாள் மீதி ஷெட்யூல்களும் ஃபார்ம் 2030-ம். 30-ஆம் நாள், அல்லது 341 அதற்கு முன் வந்தால் அந்த நாள், கார், வீட்டுக் கடனை என்ன செய்யப்போகிறார் என்ற ஃபார்ம் 108. 341 தேதி 21-லிருந்து 40 நாளுக்குள் விழும், அதற்கு ஏழு நாள் முன் டிரஸ்டிக்கு வரி ரிட்டர்ன். 45-ஆம் நாளுக்குள் சம்பளச் சீட்டு உட்பட பிரிவு 521 கேட்கும் காகிதம் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 46-ஆம் நாள் வழக்கு தானாகத் தள்ளுபடி ஆகும். 341-க்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் இரண்டாவது வகுப்பின் (பெட்டிஷனுக்குப் பின் எடுக்கும் பண நிர்வாகப் பாடம்) சான்றிதழ். அது இல்லாமல் வழக்கை மூடிவிட்டால் டிஸ்சார்ஜ் இல்லை, திரும்பத் திறக்கக் கட்டணம் கட்டி மனுப் போட வேண்டும். மீட்டிங் தள்ளிப்போனாலும் இந்த 60 நாள் தள்ளிப்போகாது.

உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் 341-க்குப் போக இன்னொரு தனி வக்கீலிடம் இப்போதே பேசி வையுங்கள், அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். மால்பிராக்டிஸ் பாலிசியில் திவால் வேலை என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

#15 – ஹூஸ்டன் 13

ஏலத்துக்கு நான் சொல்கிறேன், டெக்சஸில் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை 10 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் ஏலம், முதல் செவ்வாய் ஜனவரி 1 அல்லது ஜூலை 4 என்றால் புதன்கிழமை. திங்கட்கிழமை ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அன்றைக்குக் குறைந்தபட்சம் வேண்டியவை: பெட்டிஷன், சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான ஃபார்ம் 121, முகவரி மேட்ரிக்ஸ், கிரெடிட் கவுன்சலிங் சான்றிதழ், கட்டணம் (13-க்கு 313) அல்லது தவணை மனு. மீதிக்கு 14 நாள் இருக்கிறது. கவுன்சலிங் ஃபோனிலோ இணையத்திலோ முடியும், பெரும்பாலும் 50 டாலருக்குள், கணவன் மனைவி இருவரும் போட்டால் இருவருமே உட்கார வேண்டும். அவசரத்திலும் பேஸர் தேடலை விடாதீர்கள், முன்பு இரண்டு வழக்கு தள்ளுபடி ஆனவருக்கு நீங்கள் போடும் பெட்டிஷன் ஏலத்தை நிறுத்தாது. கையெழுத்தைப் பேனாவால் காகிதத்தில் வாங்குங்கள். மின்கையெழுத்து மூலக் கையெழுத்தாகாது என்று கலிபோர்னியா கிழக்கு மாவட்டத் திவால் நீதிமன்றம் 2016-இல் சொன்னது, உங்கள் லோக்கல் ரூல் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிஷன் கோர்ட்டின் மின்தாக்கல் தளமான ஈசிஎஃப்-இல் ஏறியதும் வழக்கு எண்ணுடன் வரும் நோட்டீஸை ஏலம் நடத்தும் டிரஸ்டிக்கும் மார்ட்கேஜ் வக்கீலுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ஃபோனிலும் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம் என்று கோப்பில் எழுதுங்கள். காரை ஏற்கெனவே தூக்கிப்போயிருந்தால் ஸ்டே மட்டும் அதைத் திருப்பித் தராது, 2021-இன் ஃபுல்டன் தீர்ப்புக்குப் பின் கொடுக்க மறுப்பவரிடம் டர்ன்ஓவர் (ஒப்படைக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு) கேட்டுத்தான் வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் ஆதாரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கவுன்சலிங் சான்றிதழில் முடித்த தேதியோடு மணியும் அச்சாகியிருக்கும். பெட்டிஷன் ஏறிய மணி அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று பொத்தானை அழுத்தும் முன் பார்த்துவிடுங்கள்.